படத்தின் படம் யாருடையது?

பதிப்புரிமை என்றவுடன் தமிழ் வாசகர்களாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பாரதி. 1949இல் அன்றைய சென்னை மாகாண அரசு அவருடைய படைப்புகளின் உரிமையைப் பெற்றதும், பின்னர் அவை பொதுவுடைமை ஆனதும் நம் இலக்கிய வரலாற்றில் பலரும் அறிந்த செய்திகள். எழுத்தின் உரிமை பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அந்த எழுத்துக்கு அருகில் அச்சாகும் படத்தின் உரிமை பற்றியோ அநேகமாகப் பேசியதே இல்லை. கட்டுரைக்குப் பொருத்தமான ஓவியம் ஒன்று கிடைத்தால் அதைப் படம் பிடித்துச் சேர்த்துவிடுகிறோம். கண்காட்சிக்குப் போனால் கைப்பேசியை உயர்த்துகிறோம். படம் பிடித்தவர் நாம்தானே, ஆகவே படம் நம்முடையதுதானே என்று ஓர் எண்ணமும் உடன் எழுகிறது.

இந்த எண்ணத்துக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பிறர் படைத்த ஒன்றைப் புகைப்படமாக எடுத்து வெளியிட அந்தப் படைப்பாளியின் இசைவு வேண்டுமா என்பது முதற்கேள்வி. அவ்வாறு எடுத்த புகைப்படத்தில் எடுத்தவருக்குத் தனியாக ஓர் உரிமை பிறக்கிறதா என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் எழுகின்றன. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நீதிமன்றங்கள் இவற்றோடு மல்லுக்கட்டி வந்திருக்கின்றன. அந்த வரலாற்றின் சில முக்கியமான கட்டங்களை இங்கே நோக்குவோம்.

கேமராவுக்கு முன்

புகைப்படம் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே படத்தைப் படியெடுக்கும் தொழில் ஐரோப்பாவில் தழைத்திருந்தது. செப்புத் தகட்டில் கோடுகளாகச் செதுக்கி, மை தடவி, தாளில் அழுத்தி எடுக்கும் முறை அது. அவ்வாறு அச்சானவற்றைத் தகட்டுப்படங்கள் என்று அழைப்போம். இலண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1732இல் ஒரு விலைமகளின் வீழ்ச்சியை ஆறு தகட்டுப்படங்களாக வெளியிட்டார். அவை நன்றாக விற்றன. விற்ற வேகத்திலேயே போலிகளும் கடைகளுக்கு வந்தன. ஹோகார்த்தும் அவருடைய நண்பர்களான சில கலைஞர்களும் நாடாளுமன்றத்தை நாடினர். 1735இல் தகட்டுப்படங்களுக்கு 14 ஆண்டுப் பாதுகாப்பு அளிக்கும் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் நடைமுறைக்கு வரும்வரை ஹோகார்த் தம் அடுத்த படவரிசையை வெளியிடாமல் காத்திருந்தார் என்பது சுவையான செய்தி. அச்சட்டத்தை இன்றும் அவர் பெயராலேயே குறிப்பிடுகின்றனர்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், பாதுகாக்கப்பட்டது தகட்டுப்படம் மட்டுமே. வண்ண ஓவியத்துக்கு இங்கிலாந்தில் 1862 வரை அத்தகைய பாதுகாப்பு இருந்ததில்லை. ஓவியம் ஒன்றே ஒன்று. அது ஒரு செல்வர் வீட்டுச் சுவரில் தொங்கப்போகிறது. அதைப் போய் யார் படியெடுப்பார் என்பதே அக்கால எண்ணம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓவியத்தின் பொருளாதாரமே தலைகீழாகிவிட்டது. ஓவியத்தை வாங்கும் வணிகருக்கு ஆதாயம் ஓவியத்தால் வந்ததைவிட அதைத் தகட்டுப்படமாக்கி ஆயிரக்கணக்கில் விற்பதால் மிகுதியாக வந்தது. ஹோல்மன் ஹண்ட் வரைந்த ஓவியம் ஒன்றை 1860இல் எர்னஸ்ட் காம்பார்ட் என்னும் கலை வணிகர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பவுன் கொடுத்து வாங்கினார். அவ்விலைக்குள் தகட்டுப்படம் வெளியிடும் உரிமையும் அடங்கியிருந்தது. வாழும் ஓவியர் ஒருவருக்கு அந்நாளில் அது வியப்பூட்டும் தொகை.

இந்தக் கட்டத்தில்தான் புகைப்படக்கருவி உள்ளே நுழைந்தது.

காம்பார்ட் தொடுத்த வழக்கு

ரோசா பான்ஹர் என்ற பிரெஞ்சுப் பெண் ஓவியரின் குதிரைச் சந்தை ஓவியமும், ஹோல்மன் ஹண்ட் வரைந்த ‘உலகின் ஒளி’ ஓவியமும் அந்நாளில் மிகுந்த புகழ் பெற்றிருந்தன. இரண்டின் தகட்டுப்படங்களையும் வெளியிட்டவர் காம்பார்ட். தேர்ந்த செதுக்குக் கலைஞர் ஒருவர் நெடுநாள் உழைத்தாலன்றி இத்தகைய தகடு ஒன்று உருவாகாது. பால் என்பவர் அந்தத் தகட்டுப்படங்களின் பிரதிகளைக் கேமராவின் முன் வைத்துப் புகைப்படமெடுத்துச் சிறு அளவில் விற்றார். வழக்கு 1863இல் தீர்ப்பாயிற்று.

எதிர்வாதம் வலுவாகவே இருந்தது. தகட்டுப்படச் சட்டங்கள் இயற்றப்பட்டபோது புகைப்படம் என்றொரு பொருளே உலகில் இல்லை. தகட்டைச் செதுக்கிப் போலி செய்வதை விலக்கிய சட்டம், வெளிச்சத்தாலும் வேதிப்பொருளாலும் உருவாகும் ஒன்றை எப்படிக் கட்டுப்படுத்தும் என்று கேட்டனர். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. எம்முறையில் படியெடுத்தாலும் படி படியே. படைப்பின் வணிகப் பயனை அதற்கு உரியவருக்கு உறுதிசெய்வதே சட்டத்தின் நோக்கம் என்று கூறியது. கருவி புதிது என்பதால் குற்றம் இல்லாமல் போய்விடாது என்பது இத்தீர்ப்பின் சாரம். ஒளிநகல் இயந்திரம், வருடி, கைப்பேசி எனப் பின்னர் வந்த ஒவ்வொரு கருவியின் காலத்திலும் இதே வாதம் புது உடையில் வந்து நின்றிருக்கிறது. அதற்கான விடை 1863லேயே சொல்லப்பட்டுவிட்டது.

ஆக, முதற்கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது. உரிமைக்காலம் முடியாத படைப்பைப் புகைப்படமெடுத்து விற்பதும் படியெடுப்பதுதான், இசைவு வேண்டும்.

காம்பார்ட் வழக்குக்கு ஓராண்டு முன்னர், 1862இல், ஓவியம், வரைபடம், புகைப்படம் மூன்றையும் பாதுகாக்கும் நுண்கலைப் பதிப்புரிமைச் சட்டம் பிரிட்டனில் வந்திருந்தது. படைப்பாளியின் ஆயுளும் அதன்பின் 7 ஆண்டும் உரிமைக்காலம். அச்சட்டத்தில் விந்தையான ஒரு குழியும் இருந்தது. ஓவியர் தம் ஓவியத்தை முதன்முறை விற்கும்போது, உரிமை யாருக்கு என்று எழுத்தில் எழுதிக்கொள்ளாவிட்டால் அது ஓவியரிடமும் நிற்காது, வாங்கியவரிடமும் போகாது, அப்படியே மறைந்துவிடும். வாய்மொழி நம்பிக்கையில் ஓவியத்தை விற்றவர்கள் பலர் இக்குழியில் விழுந்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமன்று.

படியிலும் ஒரு மூலம்

இரண்டாம் கேள்வி 1869இல் நீதிமன்றம் ஏறியது. ஹென்றி கிரேவ்ஸ் என்ற மற்றொரு வெளியீட்டாளர், தம்மிடமிருந்த தகட்டுப்படங்களைத் தாமே புகைப்படமாக்கி, அப்புகைப்படங்களுக்கும் உரிமை பதிவு செய்திருந்தார். பிறரொருவர் அவற்றைப் படியெடுத்தபோது வழக்கு எழுந்தது. சட்டமோ ‘மூலப் புகைப்படம்’ என்று பேசுகிறது. படத்தைப் பார்த்து எடுத்த படம் எப்படி மூலம் ஆகும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்வியாகவே தோன்றுகிறது.

நீதிபதி பிளாக்பர்ன் வேறு வகையில் சிந்தித்தார். எல்லாப் புகைப்படமும் ஏதோ ஒரு பொருளின் படிதான். ஓவியத்தின் படியாகவோ சிலையின் படியாகவோ இருக்கலாம். ஆகவே தகட்டுப்படத்திலிருந்து எடுத்தது என்பதற்காக அது மூலப் புகைப்படம் அன்று எனச் சொல்ல முடியாது என்றார். வேறொரு புகைப்படத்தைப் பார்த்து எடுத்தால்தான் அது வெறும் படி. இத்தீர்ப்பின் நிழல் மிக நீண்டது. பிரிட்டனின் அருங்காட்சியகங்களும் படநூலகங்களும், நானூறு ஆண்டுப் பழமையான ஓவியத்தின் புகைப்படத்துக்கும் உரிமைக் குறியிட்டுக் கட்டணம் பெறுவதற்கு, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் ஒதுங்கியிருந்தன. ஓவியர் இறந்து உரிமை காலாவதியானாலும், அவர் ஓவியத்தை நேற்று எடுத்த புகைப்படத்துக்கு உரிமை இன்று தொடங்குகிறது. இப்படியே ஐம்பது ஆண்டுக்கொருமுறை புதிதாகப் படமெடுத்துக்கொண்டே போனால் பொதுச்சொத்து என்ற ஒன்றே ஏட்டளவில் நின்றுவிடும்.

கடலின் மறுகரையில் சிந்தனை வேறு திசையில் சென்றது. 1882இல் அமெரிக்கப் பயணம் வந்த ஆஸ்கர் வைல்டை நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி என்ற புகழ்பெற்ற கலைஞர் புகைப்படம் எடுத்தார். ஓர் அச்சகம் அப்படத்தைக் கல்லச்சில் 85,000 பிரதிகள் அடித்தது. புகைப்படம் இயந்திரம் செய்வது, அதற்கு ஆசிரியர் என ஒருவர் உண்டா என்று அச்சகத்தார் வாதிட்டனர். 1884இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சரோனியின் பக்கம் நின்றது. வைல்டை அமர்த்திய விதம், உடையும் திரைச்சீலையும் அமைத்த பாங்கு, ஒளியையும் நிழலையும் பங்கிட்ட திறம், முகபாவத்தை வரவழைத்த நுட்பம் ஆகியவை சரோனியின் மனத்தில் தோன்றியவை. ஆகவே அவர் ஆசிரியரே என்றது.

புகைப்படக்கலைக்குக் கிடைத்த இப்பெரும் மதிப்பு தன்னுள் ஒரு நிபந்தனையையும் கொண்டிருந்தது. அமர்த்துவது, அலங்கரிப்பது, தேர்ந்தெடுப்பது ஆகியவையே ஒருவரை ஆசிரியராக்குகின்றன என்றால், இவற்றுள் எதுவும் செய்யாமல், சட்டகத்துக்குள் இருக்கும் ஓவியத்தை உள்ளது உள்ளபடி எடுப்பவர் யார்? இக்கேள்விக்கு விடை வர 115 ஆண்டுகள் ஆயின.

உழைப்பு வேறு, படைப்பு வேறு

பிரிட்ஜ்மன் கலை நூலகம் என்பது பிரிட்டிஷ் நிறுவனம். அருங்காட்சியகங்களிலுள்ள ஓவியங்களின் தரமான புகைப்படங்களைப் பதிப்பகங்களுக்கு வழங்குவது அதன் தொழில். கோரல் என்ற கனடிய மென்பொருள் நிறுவனம் ஐரோப்பிய மேதைகளின் ஓவியங்கள் எழுநூறு அளவில் குறுந்தகடுகளாக வெளியிட்டது. அவற்றுள் பல தம்முடைய புகைப்படங்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்று பிரிட்ஜ்மன் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. 1999இல் நீதிபதி லூயிஸ் கேப்லன் இறுதித் தீர்ப்பளித்தார்.

தட்டையான ஓவியம் ஒன்றைப் பிசகின்றிப் படமெடுப்பது எளிய வேலை அன்று. ஒளி ஒருசீராக விழ வேண்டும். வார்னிஷ் பூச்சின் பளபளப்பு எதிரொளிக்கக் கூடாது. வண்ணம் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். இதிலுள்ள திறமையையும் உழைப்பையும் நீதிபதி மறுக்கவில்லை. ஆனால் அந்த உழைப்பு முழுவதும் எதற்காக? தன் சுவடு சிறிதும் தெரியாமல் மூலத்தை அப்படியே தருவதற்காக. எந்த அளவுக்கு அதில் வெற்றி கிடைக்கிறதோ அந்த அளவுக்கு அது தனிப்படைப்பாக இல்லாமல் போகிறது. உரிமைக்காலம் முடிந்த தட்டையான படைப்பின் துல்லியப் புகைப்படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. தொலைபேசி எண்களை அகரவரிசையில் தொகுத்த உழைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியிருந்ததும் இதற்கு அடிப்படையாக அமைந்தது.

ஐரோப்பா இம்முடிவுக்கு வந்து சேரச் சற்றுக் காலம் பிடித்தது. ஜெர்மனியின் மான்ஹைம் நகர அருங்காட்சியகம் ஒன்று, இசைமேதை வாக்னரின் உருவ ஓவியம் உள்ளிட்ட பழைய படைப்புகளின் புகைப்படங்களை விக்கிமீடியா தளத்திலிருந்து நீக்கக் கோரியது. 2018 டிசம்பரில் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் அருங்காட்சியகத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. படைப்பூக்கம் இல்லாத எளிய புகைப்படத்துக்கும் 50 ஆண்டுப் பாதுகாப்பு அளிக்கும் தனிப்பிரிவு ஜெர்மன் சட்டத்தில் இருந்தது. சில மாதங்களிலேயே காற்று திசைமாறியது. உரிமைக்காலம் முடிந்த காட்சிக்கலைப் படைப்பின் படி தன்னளவில் புத்தாக்கமாக இருந்தாலன்றி அதற்குப் பாதுகாப்பு கூடாது என்று 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் நெறியுரை வகுத்தது. ஜெர்மனி 2021இல் அதைத் தன் சட்டத்தில் சேர்த்தது. பிரிட்டனிலும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வேறொரு பொருள் பற்றிய வழக்கில், திறமையும் உழைப்பும் மட்டும் போதா, சுதந்திரமான படைப்புத் தேர்வுகள் வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. 1869இன் நிழல் அத்துடன் பெரும்பாலும் விலகிற்று எனலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மேற்கூறிய அனைத்தும் தட்டையான படைப்புகளுக்கே பொருந்தும். சிலை அவ்வாறன்று. எக்கோணத்தில் நிற்பது, காலை ஒளியா மாலை ஒளியா, நிழல் எங்கே விழ வேண்டும் என்று புகைப்படக்காரர் தேர்ந்தெடுக்கிறார். ஆயிரம் ஆண்டுப் பழமையான சோழர் செப்புத்திருமேனிக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் அதைத் தம் நோக்கில் ஒருவர் எடுத்த புகைப்படத்துக்கு உண்டு. கலைநூலில் உள்ள நடராசர் படத்தை வருடியில் இட்டு எடுத்துக்கொண்டு, சோழர்களுக்கு யார் உரிமை கோருவார் என்று கேட்பது பொருந்தாது. கேட்க வேண்டியவர் அந்தப் புகைப்படக்காரர்.

பனியில் நின்ற பத்தொன்பது வீரர்கள்

சிலையின் உரிமைக்காலம் முடிந்திராவிட்டால் நிகழ்வது என்ன? வாஷிங்டனில் உள்ள கொரியப் போர் நினைவகம் இதற்கு விடை தரும். துருவேறா எஃகில் வார்த்த 19 வீரர்கள் மழைக்கோட்டணிந்து, அணிவகுத்து, புதர்களின் ஊடே நடந்து செல்வதுபோன்ற சிற்பத்தொகுதி அது. சிற்பி ஃபிராங்க் கேலார்ட், இரண்டாம் உலகப்போரில் தாமே வீரராகப் பணியாற்றியவர். 1995 ஜூலையில் நினைவகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் குளிர்காலத்தில், பனி பொழிந்த ஒரு காலைப்பொழுதில், தொழில்முறையல்லாத புகைப்படக்காரர் ஒருவர் அங்கே வந்தார். கொரியப் போரில் பங்கேற்ற தம் தந்தைக்கு ஒரு பரிசாகப் படமெடுக்க விரும்பினார். வெண்பனி போர்த்த வீரர்கள், சாம்பல் வானம். மிக அருமையான படம் அமைந்துவிட்டது.

போர்நிறுத்தத்தின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2003இல் அமெரிக்க அஞ்சல்துறை அப்படத்தை 37 சென்ட் தபால்தலையாக வெளியிட்டது. புகைப்படக்காரருக்கு 1,500 டாலர் கொடுத்தது. சிற்பியிடம் எதுவும் கேட்கவில்லை. எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட தலைகள் அச்சாயின. கேலார்ட் வழக்குத் தொடுத்தார்.

2008இல் கீழ்நீதிமன்றம் அஞ்சல்துறையின் பக்கம் நின்றது. பனியும் மங்கிய வண்ணமும் சிற்பத்துக்கு ஒரு கனவுத்தன்மையை அளித்துவிட்டன. ஆகவே இது நியாயமான பயன்பாடு என்றது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை மாற்றியது. பனி இயற்கையின் கொடை. வீரர்களுக்கு அஞ்சலி என்னும் நோக்கம் சிற்பத்துக்கும் தபால்தலைக்கும் ஒன்றே. நோக்கம் மாறாதபோது படைப்பு மாறிவிட்டது என்று கூற இயலாது என்பது அதன் முடிவு. இழப்பீடு எவ்வளவு என்பதிலும் நெடிய போராட்டம். முதலில் 5,000 டாலர் மட்டுமே என்றவர்கள், 2013இல் வட்டியுடன் 6,84,844 டாலர் என்று ஏற்றனர். 2015இல் அது உறுதியாயிற்று.

இவ்வழக்கில் தீயவர் எவரும் இல்லை என்பதே நம் மனத்தைத் தொடுவது. மகன் தந்தைக்காகப் படமெடுத்தார். அஞ்சல்துறை வீரர்களை நினைவுகூர விரும்பியது. சிற்பியோ தம் உழைப்பை நினைவுகூரச் சொன்னார். படத்தைப் பாராட்டியவர்கள் பனியைப் பாராட்டினர்; பனிக்கடியில் நின்ற உருவங்களை ஒருவர் ஆண்டுக்கணக்கில் வடித்தார் என்பது மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

அமெரிக்கச் சட்டம் 1990இல் கட்டடங்களைப் புகைப்படமெடுக்கத் தாராளமாக வழிவிட்டது. சிலைகளுக்கு அவ்விலக்கைத் தரவில்லை. ஜெர்மனியோ 1876லேயே, தெருவிலும் பொதுச்சதுக்கத்திலும் நிலையாக இருக்கும் கலைப்படைப்புகளைப் படமாக்க அனுமதித்திருந்தது. அங்கும் ‘நிலையாக’ என்ற சொல் வழக்காயிற்று. கிறிஸ்டோ, ஜான் க்ளோட் இணையர் 1995இல் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தை வெள்ளித்துணியால் போர்த்தியது இரண்டு வாரமே நீடித்தது. ஆகவே அது நிலையானது அன்று, இசைவின்றி அஞ்சலட்டை விற்கக் கூடாது என்று 2002இல் தீர்ப்பாயிற்று. பிரான்சில் ஈபிள் கோபுரத்துக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டது. ஆனால் இரவில் அதன்மேல் ஒளிரும் விளக்கமைப்பு தனிப்படைப்பு. அதை வணிகநோக்கில் வெளியிட இசைவு வேண்டும். பகலில் பொதுச்சொத்து, இரவில் தனிச்சொத்து.

மெரினாவும் கண்ணகி நகரும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டம் 1914இல் சில மாற்றங்களோடு இங்கே நடைமுறைக்கு வந்தது. சுதந்திர இந்தியாவின் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. ஓவியருக்கும் சிற்பிக்கும் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும் உரிமைக்காலம். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் புகைப்படக்காரருக்கும் அவ்வாறே. 1906இல் மறைந்த ரவிவர்மாவின் ஓவியங்கள் எப்போதோ பொதுவாகிவிட்டன. 1977இல் மறைந்த கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களுக்கு 2037 முடியும்வரை உரிமை உண்டு. நம் சிற்றிதழ்களின் அட்டைகளுக்கு முகம் தந்த ஆதிமூலம் 2008இல் மறைந்தார். அவருடைய கோடுகளுக்கு 2068 முடிய.

1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகா என்று பட்டியலிடுகிறது. கட்டடங்களைப் படமெடுத்து வெளியிடலாம். பொது இடத்திலோ பொதுமக்கள் செல்லக்கூடிய வளாகத்திலோ நிலையாக இருக்கும் சிற்பத்தையும் கைவினைக் கலைப்படைப்பையும் படமெடுத்து வெளியிடலாம். சென்னை மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையை எண்ணிப் பாருங்கள். அதை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1975இல் மறைந்தார். பதிப்புரிமை 2035 முடிய நிற்கிறது. எனினும் அச்சிலையின் புகைப்படத்தை அட்டையில் இடும் இதழ் எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. வாஷிங்டனில் ஏழு இலக்கத் தொகைக்கு அருகில் சென்ற விவகாரம், மெரினாவில் விவகாரமே அன்று.

ஆனால் அப்பிரிவை ஊன்றிப் படிப்பவர் ஒன்றைக் கவனிப்பார். புகைப்படம் பற்றிய அந்த விலக்கில் சிற்பம் உண்டு, ஓவியம் இல்லை. பொது இடத்து ஓவியம் திரைப்படத்தில் இடம்பெறுவதற்கு மட்டுமே தனி உட்பிரிவு இருக்கிறது. சட்டம் இயற்றியவர்கள் காலத்தில் ஓவியம் கூடத்துக்குள் இருந்தது, தெருச்சுவருக்கு வரவில்லை. இன்றோ சென்னைக் கண்ணகி நகரின் அடுக்குக் குடியிருப்புச் சுவர்களில் 2020 முதல் மாபெரும் முகங்கள் வரையப்பட்டிருக்கின்றன. மெரினாச் சிலைக்குக் கிடைக்கும் தெளிவான விலக்கு இச்சுவரோவியத்தின் புகைப்படத்துக்கு இல்லை. மும்பையில் சுவரோவியம் ஒன்றை ஒரு காப்பீட்டு நிறுவனம் விளம்பரமாக்கியபோது, அதை வரைவித்த அமைப்பு தில்லி உயர் நீதிமன்றம் சென்றது. 2023 நவம்பரில், விளம்பரத்துக்கு இவ்விலக்குகள் பொருந்தா என்னும் முதல்நோக்கில், அப்படங்களை இணையத்திலிருந்து நீக்க இடைக்கால உத்தரவு பிறந்தது. தெருவில் இருக்கிறது என்பதால் எவரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்ற பொது நம்பிக்கைக்கு இது சரியான மறுப்பு.

இரண்டாம் கேள்விக்கும் இங்கே விடைக்கான திசை தெரிகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2007இல், தீர்ப்புத் தொகுப்புகள் பற்றிய ஒரு வழக்கில், உழைப்பு மட்டும் பதிப்புரிமை தராது, சிறிதளவேனும் படைப்பூக்கம் வேண்டும் என்றது. இதை ஓலைச்சுவடிக்குப் பொருத்திப் பார்ப்பது நமக்குப் பயன் தரும். முந்நூறு ஆண்டுப் பழமையான ஏட்டை உள்ளது உள்ளபடி படமெடுத்தவர் அதன்மேல் பதிப்புரிமை கோருவது, இந்த அளவுகோலின்படி, கடினம் என்பதே நம் கருத்து. ஆனால் ஏட்டைக் காத்துவரும் நிலையம், படமெடுக்கவும் பயன்படுத்தவும் நிபந்தனை விதிக்கலாம். அது இடத்துக்கும் பொருளுக்கும் உரியவர் விதிக்கும் ஒப்பந்தம். படைப்பாளியின் உரிமை அன்று. கோயிற் கருவறையில் படமெடுக்கக் கூடாது என்பதும் இவ்வகையே. நிபந்தனையை மதிப்பது வேறு. பொதுச்சொத்து ஒன்று தனிச்சொத்தாகிவிட்டது என நம்பிவிடுவது வேறு.

நன்றி: இணையம்

மொத்தத்தில், படம் ஒன்றைக் கையிலெடுக்கும்போது நாம் மூன்று பேரைத் தேட வேண்டும்: படத்துக்குள் இருக்கும் படைப்பைச் செய்தவர், அதைப் படம் பிடித்தவர், அது இருக்கும் இடத்துக்குப் பொறுப்பானவர். மூவருக்கும் எப்போதும் உரிமை இருப்பதில்லை. ஒருவருக்கும் உரிமை இல்லாத சமயங்களும் உண்டு. ஆனால் மூவரும் யார் எனத் தெரிந்தால்தான் எவரிடம் கேட்க வேண்டும், எவரிடம் கேட்க வேண்டியதில்லை என்பது தெரியும்.

நம் இதழ்களில் படத்தின் கீழே ‘நன்றி: இணையம்’ என்று அச்சிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. இந்த நன்றி எவரையும் சென்றடைவதில்லை. சட்டம்கூட இதில் நம்மைவிட மென்மையானது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பொருளுரிமையை விற்றுவிட்ட பின்னரும் இப்படைப்பு என்னுடையது என்று கூறும் உரிமை படைப்பாளியிடமே நிற்கும் என்கிறது. கவிதையின் கீழே கவிஞர் பெயரை விட்டுவிட்டால் நாம் பொறுப்பதில்லை. அருகிலுள்ள கோட்டோவியத்துக்குப் பெயர் இல்லாததை நாம் கவனிப்பதே இல்லை.

பழைய ஏடுகளின் கடைசியில், இன்ன ஆண்டு இன்ன மாதம் இன்னார் எழுதி முடித்தது என்ற குறிப்பைப் பலமுறை காண்கிறோம். படியெடுத்தவர் தம் உழைப்பை அங்கே பதிந்துகொண்டார். அதற்காக நூலாசிரியரின் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மூலம் இன்னாருடையது, படி இன்னாருடையது என இரண்டையும் பிரித்தெழுதும் நேர்மை நம்மிடம் ஏற்கெனவே இருந்ததுதான். கைப்பேசி வந்ததற்காக அதைக் கைவிட வேண்டியதில்லை.